பழைய நாற்காலியின் வயதும் வரலாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்தது, பாட்டி தந்தது, ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று எப்படியோ ஒரு பழைய நாற்காலி கைக்கு வந்துவிடுகிறது. எந்தக் காலத்தது, யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையும் வருகிறது. அப்படி ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். மர நாற்காலிகளைப் பற்றி மட்டும்தான்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடைக்காதீர்கள். ஈரத்துணி, எண்ணெய், பாலிஷ் எதுவும் இப்போது வேண்டாம். காகித லேபிளின் கடைசித் துணுக்கு ஒன்று அடியில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு.

ஒரு போர்வையை விரித்து, நாற்காலியை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். தூக்கும்போது கைப்பிடியையோ சாய்மானத்தையோ பிடிக்காமல், இருக்கையைத் தாங்கும் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். பழைய மூட்டுகள் எப்போது விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல டார்ச், பூதக்கண்ணாடி, அளவு நாடா, கிடைத்தால் தடிமனைத் துல்லியமாக அளக்கும் ஒரு காலிப்பர், இவ்வளவு போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் மரத்தின் பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத உளித் தடம், ரம்பக் கீறல், தேய்ந்த முத்திரை எழுத்து எல்லாம் நிழலோடு எழும்பித் தெரியும். எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

வடிவத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிட முடியாதா?

முடியாது. பெரும்பாலோர் ஏமாறுவதும் இதில்தான்.

ஒரு வடிவம் எப்போது தோன்றியது என்று தெரிந்தால், நாற்காலி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்று சொல்லலாம். எவ்வளவு பிந்தையது என்பதற்கு வடிவத்தில் விடை கிடையாது. சிப்பெண்டேல் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பட்டறை வைத்திருந்த தாமஸ் சிப்பெண்டேல் 1754-இல் தன் வடிவங்களைப் படங்களோடு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். புத்தகம் கைக்குக் கிடைத்த தச்சர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் செய்தார்கள். அவர் 1779-இல் இறந்துபோனார். நூறு வருடம் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வடிவங்களுக்கு மறுபடியும் மவுசு வந்து, தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. இன்றும் செய்கிறார்கள். ஆகவே ஒருவர் ‘இது சிப்பெண்டேல் நாற்காலி’ என்றால் வடிவத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பெண்டேலின் பட்டறையில் பொதுவாகப் பொருள்களில் முத்திரை குத்தும் வழக்கமும் இல்லை. பழைய பில்லும் கடிதமும் இருந்தால் ஒழிய அவர் செய்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

நாற்காலியின் முன்பக்கம் அந்தக் கால நாகரிகத்துக்காகச் செய்யப்பட்டது. அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று விடப்பட்ட அடிப்பக்கத்தில்தான் செய்தவரின் கருவியும் அவசரமும் பதிந்திருக்கும். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் நாலரை நிமிடத்தை அடிப்பக்கத்துக்கே செலவழிப்பேன்.

சரி, கவிழ்த்துவிட்டேன். அடியில் எதைப் பார்ப்பது?

ரம்பத் தடத்திலிருந்து ஆரம்பியுங்கள். இருக்கைச் சட்டத்தின் உட்பக்கம், பலகையின் அடிப்பக்கம் ஆகிய இடங்களைப் பெரும்பாலும் இழைக்காமல் விட்டிருப்பார்கள். கையால் அறுத்த மரத்தில் கீறல்கள் நேராக ஓடும், ஆனால் ஒன்றுக்கொன்று இடைவெளி சீராக இருக்காது, சாய்வும் கொஞ்சம் மாறிக்கொண்டே வரும். வில் போல வளைந்த கீறல்கள் வரிசையாக இருந்தால் அது வட்ட ரம்பம். வட்ட ரம்பம் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில். நேர்க்கீறல்கள் மிகவும் சீராக, அச்சடித்த மாதிரி இருந்தால் பட்டை ரம்பமாக இருக்கலாம், அதுவும் இயந்திரம்தான். நேராக இருந்தாலே கைவேலை என்று முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம் விரல். பலகையின் அடிப்பக்கத்தை நார் ஓட்டத்துக்குக் குறுக்காக மெதுவாகத் தடவுங்கள். கை இழைப்புளியால் இழைத்திருந்தால் மிக லேசான மேடும் பள்ளமும் விரலில் தட்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். இயந்திர இழைப்பு என்றால் ஒன்று மொழுமொழுவென்று இருக்கும், அல்லது ஒரே அளவில் நெருக்கமான அலைகள் தெரியும்.

மூன்றாவது நிறம். பூச்சு படாத மரம் காற்றுபட்டுப் பல பத்தாண்டுகளில் தானாகக் கறுத்துப் பழுப்பாகும். அந்தப் பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. காற்று படும் இடத்தில் அதிகமாகவும், இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று தொட்டு மூடியிருந்த இடத்தில் குறைவாகவும் இருக்கும். அடிப்பக்கம் முழுக்க ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால், அதிலும் மூட்டின் இடுக்குக்குள்ளும் அதே கறுப்பு இருந்தால், யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். ஏன் பூசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மூட்டுகளையும் கவனியுங்கள். ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தை இன்னொரு கட்டையின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்துப் பூட்டுவது பழைய முறை. உருண்டைக் குச்சிகளைப் பசை தடவிச் செருகி இணைப்பது தொழிற்சாலைக் காலத்தில் பெருகியது. மூட்டு கொஞ்சம் விலகியிருந்தால் இடுக்கில் டார்ச் அடித்தாலே உள்ளே இருப்பது கழுந்தா குச்சியா என்று தெரிந்துவிடும்.

ஆணியும் ஸ்க்ரூவும் அவ்வளவு முக்கியமா?

வடிவத்தைவிட நம்பகமான சாட்சிகள் அவை.

கொல்லர் கையால் அடித்த ஆணி நாலு பக்கமும் குறுகிக்கொண்டே போய்க் கூராகும். தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தகட்டிலிருந்து வெட்டிய ஆணிகள் வந்தன; இவற்றில் இரண்டு பக்கம் மட்டும் குறுகும், மற்ற இரண்டு பக்கம் இணையாக ஓடும். இன்று நாம் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

ஸ்க்ரூவில் முனையைப் பாருங்கள். பழைய கைவேலை ஸ்க்ரூவுக்கு முனை மொட்டையாக இருக்கும், தலையில் உள்ள வெட்டு நடுமையத்திலிருந்து சற்று விலகியிருக்கும், மரையின் இடைவெளியும் சீராக இருக்காது. கூர்முனை ஸ்க்ரூவை இயந்திரத்தில் செய்யும் முறை 1840-களில் வந்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தலையில் நட்சத்திர வெட்டு உள்ள ஸ்க்ரூ என்றால் 1930-களுக்குப் பிந்தையது. அது ஃபிலிப்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றுப் பரப்பிய வடிவம்.

ஆனால் ஒரு நட்சத்திர ஸ்க்ரூவைக் கண்டதும் நாற்காலியே புதுசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய நாற்காலியின் ஆட்டத்தை நிறுத்த யாராவது பின்னால் போட்டிருக்கலாம். அது முதலிலிருந்தே இருந்ததா, பின்னால் வந்ததா என்பதற்குச் சுற்றியுள்ள மரமே விடை சொல்லும். ஓக் போன்ற, டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரங்களில் இரும்பு பல காலம் இருந்தால் சுற்றிலும் நீலக்கறுப்பாகக் கறை படியும். கறை இல்லாமல் துளையின் விளிம்பு வெளிர்நிறமாக இருந்தால் ஆணி அண்மையில் வந்தது. பழைய ஆணி பிடுங்கப்பட்ட வெறும் துளையைச் சுற்றிக் கறை மட்டும் இருந்தால், அங்கே முன்பு வேறு ஏதோ இருந்திருக்கிறது.

ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கத் தோன்றினால், வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒன்றே ஒன்றை மட்டும், எளிதாக வந்தால் கழற்றுங்கள். அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

கடைசல் காலைக் காலிப்பரால் அளக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

மரம் காயக் காயச் சுருங்கும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நீளவாட்டில் சுருக்கம் அநேகமாக இல்லை. குறுக்குவாட்டில், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கடைசல் பிடித்தபோது சரியான வட்டமாக இருந்த கால், காலப்போக்கில் நீள்வட்டமாகிறது. ஒரே இடத்தில் காலிப்பரைத் தொண்ணூறு பாகை திருப்பி இரண்டு தடவை அளந்தால் வித்தியாசம் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக்கூட இருக்கும், கவனமாக அளக்க வேண்டும்.

நாலு காலில் மூன்று நீள்வட்டம், ஒன்று மட்டும் கச்சிதமான வட்டம் என்றால் அந்த ஒன்று மாற்றுக் காலாக இருக்கலாம். மர ஆணிகளின் தலை பரப்புக்கு மேலே துளி துருத்திக்கொண்டிருப்பதும் இதே சுருக்கத்தால்தான். ஆணி நீளத்தில் சுருங்கவில்லை, அதைச் சுற்றியுள்ள கட்டை தடிமனில் சுருங்கியிருக்கிறது.

தேய்மானத்தை வைத்து வயது சொல்லலாமா?

வயதைச் சொல்ல முடியாது. உண்மையா பொய்யா என்று சொல்லலாம்.

ஒரு மனிதன் நாற்காலியில் எப்படி உட்காருவான் என்று நினைத்துப் பாருங்கள். கைப்பிடியின் முன்முனையைப் பிடிப்பான். முன்பக்கக் குறுக்குக்கட்டையில் பாதத்தை ஊன்றுவான். பின்னால் சாய்ந்து இரண்டு காலில் ஆடுவான், அதனால் பின்னங்கால்களின் அடியில் பின்பக்க ஓரம் தேயும். சுவரில் உரசிச் சாய்மானத்தின் பின்புறம் மேல்முனை மழுங்கும். தேய்மானம் இந்த இடங்களில் இருந்து, மற்ற இடங்கள் கூர்மையாக இருந்தால் இயல்பு. கை படவே வாய்ப்பில்லாத உள்மூலைகளும் சேர்ந்து வழவழவென்று மழுங்கியிருந்தால் அது உப்புத்தாளின் வேலை. குறுக்குக்கட்டையில் பாதம் வைத்துத் தேய்ந்தது நடுவில் குழிந்து, இரு ஓரமும் கனமாக நிற்கும். போலி செய்கிறவர் பெரும்பாலும் முழு நீளத்தையும் ஒரே சீராகத் தேய்த்துவிடுவார்.

இருக்கைச் சட்டத்தின் உள்விளிம்பில் உளியால் கோடுகள் வெட்டியிருக்கிறது. ஏதாவது சங்கேதமா?

ரோமன் எண்ணாக இருக்கும். நாற்காலிகளைத் தொகுப்பாகச் செய்யும்போது எந்த இருக்கை எந்தச் சட்டத்துக்கு என்று குழம்பாமல் இருக்கத் தச்சர் இரண்டிலும் ஒரே எண்ணை உளியால் வெட்டுவார். எடுத்து மாட்டும் மெத்தை இருக்கை உள்ள நாற்காலிகளில் இது சகஜம். நான்கை நாலு கோடாகவே போடுவது வழக்கம், அதனால் பாடப்புத்தக முறையில் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

சட்டத்தில் ஏழு என்று வெட்டியிருந்தால் குறைந்தது ஏழு நாற்காலி இருந்திருக்கிறது. சட்டத்தில் ஏழும் இருக்கையில் மூன்றும் இருந்தால், ஏதோ ஒரு காலத்தில் இருக்கைகள் இடம் மாறிவிட்டன, மூன்றாம் நாற்காலியும் அருகில் எங்கோ இருந்தது. ஒரு குடும்பச் சொத்து பிரிந்த கதைகூட இதில் ஒளிந்திருக்கலாம். உறவினர் வீடுகளில் விசாரியுங்கள்.

முத்திரையோ லேபிளோ இருந்தால் விஷயம் முடிந்ததா?

பாதி முடிந்தது. எங்கே பார்ப்பது என்றால் இருக்கைச் சட்டத்தின் உட்பக்கம், முக்கியமாகப் பின்சட்டம், பலகையின் அடி, கால்களில் சக்கரம் இருந்தால் அதன் உலோகப் பகுதி.

பாரிஸில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, 1791-இல் கைவினைஞர் சங்கங்கள் (கில்டுகள்) கலைக்கப்படும்வரை, தச்சர்கள் தங்கள் பெயரை முத்திரையாகக் குத்த வேண்டும் என்று சங்க விதி இருந்தது. அதனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாற்காலிகளில் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. பெயருக்கு மதிப்பு இருப்பதால் போலி முத்திரையும் உண்டு. பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவுசெய்த வடிவங்களுக்கு வைரவடிவக் குறி ஒன்று இருந்தது. 1884 முதல் அதற்குப் பதிலாகத் தொடர் எண் வந்தது. குறியை வைத்து வடிவம் பதிவான தேதியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது வடிவம் பதிவான தேதி, உங்கள் நாற்காலி செய்த தேதி அதற்குப் பின்னால் எப்போதாகவும் இருக்கலாம். காப்புரிமை எண்ணுக்கும் இதே கதைதான்.

நாட்டின் பெயர் நல்ல துப்பு. அமெரிக்காவில் 1890-இல் வந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்றது. 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அப்படிப் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. பெயர் இல்லாததால் முந்தையது என்று ஆகாது, அந்தப் பக்கம் ஏற்றுமதியே ஆகாமல் இருந்திருக்கலாம். நாடுகளே தோன்றி மறைவதும் நமக்குச் சாதகம். செக்கோஸ்லோவாக்கியா என்று லேபிளில் இருந்தால் 1918-க்கு முன் அந்த நாடே கிடையாது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது.

வளைத்த மரமும் பிரம்பு இருக்கையுமாக ஒரு நாற்காலி. தோனெட் என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம். ஆனால் உலகத்தில் அதிகம் பிரதி எடுக்கப்பட்ட நாற்காலிகளில் இது ஒன்று.

மிகாயேல் தோனெட் 1796-இல் ரைன் நதிக்கரையில் போப்பார்ட் ஊரில் பிறந்த தச்சர். 1842-இல் வியன்னாவுக்குப் போனார். பீச் (beech) என்ற ஐரோப்பிய மரத்தின் கட்டையை நீராவியில் வேகவைத்து, வார்ப்பு இரும்பு அச்சில் வளைத்து, உலர்த்தி எடுக்கும் முறையைத் தொழிலாக வளர்த்தார். சாதாரணமாகக் கட்டையை வளைத்தால் வெளிப்பக்க நார் இழுபட்டுப் பிளந்துவிடும். வெளிப்பக்கத்தில் ஒரு எஃகுப் பட்டையைக் கட்டி, இரு முனையிலும் இறுக்கிக்கொண்டு வளைத்தால் நார் நீள வழியில்லை. வளைவு முழுவதும் உட்பக்கம் அமுங்குவதால் உண்டாகிறது; அமுக்கத்தை வெந்த மரம் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தொழிலின் ரகசியம் அந்தப் பட்டைதான்.

1859-இல் வந்த 14-ஆம் எண் நாற்காலியில் மொத்தம் ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். கப்பலில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொண்டார்கள். 1930-க்குள் சுமார் ஐந்து கோடி விற்றதாகக் கணக்கு.

மரத்தை வளைக்கும் காப்புரிமை 1856-இல் கிடைத்து 1869-இல் முடிந்தது. முடிந்ததும் போட்டி நிறுவனங்கள் குதித்துவிட்டன. அவற்றில் பெரியது யாக்கோப்–யோசஃப் கோன். எனவே வடிவத்தால் பிரிக்கவே முடியாது. இருக்கை வளையத்தின் உட்பக்கம் அழுத்திக் குத்திய பெயரையும் காகித லேபிளின் மிச்சத்தையும் தேடுங்கள். லேபிள் உதிர்ந்திருந்தாலும் குத்திய எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். தோனெட் தொழிற்சாலைகள் பல மொராவியாவில் இருந்தன. அது 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரி, அதற்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா. மேலே சொன்ன நாட்டுப் பெயர்த் துப்பு இங்கே நேரடியாகக் கைகொடுக்கும். இந்த நிறுவனங்கள் எண் போட்ட படப் பட்டியல்களை அச்சிட்டு வெளியிட்டன. அவற்றின் பிரதிகள் இன்றும் கிடைக்கின்றன, உங்கள் நாற்காலியின் எண்ணை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயர் எதுவுமே இல்லையென்றால் ‘பீச் மரம், வளைப்பு முறை, மத்திய ஐரோப்பிய வகை’ என்று குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். தோனெட் என்று சொல்லும் ஆசையைக் கொஞ்சம் அடக்கத்தான் வேண்டும்.

பிரம்புப் பின்னலை வைத்து ஏதாவது தெரியுமா?

தெரியும், அதுவும் சுலபமாக. சட்டத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்து, பிரம்பு ஒவ்வொரு துளை வழியாகவும் ஏறி இறங்கினால் கைப்பின்னல். துளை இல்லாமல், சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி, பின்னிய பிரம்பு விரிப்பை அதற்குள் அழுத்தி, மேலே ஒரு பிரம்புக் கயிற்றை இறுக்கியிருந்தால் இயந்திரப் பின்னல். அது 1870-களுக்குப் பிறகு வந்த வழி. பிரம்பு சில பத்தாண்டுகளில் அறுந்துபோகும், மாற்றியிருப்பார்கள். பிரம்பைப் பார்க்காமல் துளையையும் பள்ளத்தையும் பாருங்கள். துளைகளை மரக்கட்டையால் அடைத்துவிட்டு உட்பக்கம் பள்ளம் வெட்டியிருந்தால் பிற்காலத்தில் சுலப வழியைப் பிடித்திருக்கிறார்கள்.

மெத்தை இருக்கையில்?

துணி அநேகமாகப் புதுசுதான், அதை விட்டுவிடுங்கள். உள்ளே சுருள் ஸ்பிரிங் இருந்தால் 1820-களுக்கு முன்னால் போக முடியாது. அதற்கு முன் துணிப்பட்டைப் பின்னலும் குதிரை மயிர்த் திணிப்பும்தான். ரப்பர் நுரை 1930-களில் வந்தது. இவையெல்லாம் பின்னால் சேர்த்ததாகவும் இருக்கலாம் என்பதால், துணியைத் தூக்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சட்டத்தில் உள்ள ஆணித் துளைகளைப் பாருங்கள். நூறு வருடத்தில் பலமுறை துணி மாறிய சட்டம் சல்லடையாகியிருக்கும். ஒரே ஒரு வரிசைத் துளை மட்டும் உள்ள ‘18-ஆம் நூற்றாண்டு’ சட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்பூச்சு நிறத்தை வைத்துச் சொல்லவே கூடாது. பீச்சுக்குச் சாயம் ஏற்றி மஹோகனி, ரோஸ்வுட் என்று விற்பது பழைய தந்திரம். பூச்சு படாத இடத்தில் பாருங்கள். ஓக்கில் ஒருவிதமாக அறுத்தால் பளபளக்கும் பட்டைகள் குறுக்கே ஓடும். பீச்சில் குட்டிக் குட்டியாகப் பழுப்புக் கோடுகள் தூவினாற்போல இருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் மணமும் உண்டு.

மரத்துக்கும் காலம் உண்டு. இங்கிலாந்தில் மஹோகனி 1720-களுக்குப் பிறகுதான் பரவலானது; மஹோகனியில் செய்த 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலி என்று ஒருவர் சொன்னால் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரே நாற்காலியில் பல மரம் இருப்பதும் குற்றமல்ல. ஆங்கில வின்சர் நாற்காலியில் இருக்கைப் பலகை எல்ம், கால் பீச், வளைவு ஆஷ் அல்லது யூ என்று வேலைக்கு ஏற்ற மரத்தைப் போட்டார்கள்.

பூச்சைச் சோதிக்கலாமா?

கண்ணில் படாத இடத்தில் பஞ்சுக் குச்சியில் துளி ஆல்கஹால் தொட்டு வைத்துப் பாருங்கள். ஒட்டும் பிசுக்காக இளகினால் அரக்கு பாலிஷ். அது இளகாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் 1920-களுக்குப் பிறகு வந்த செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் அண்மைக்கால பாலியூரித்தேன் ஆக இருக்கலாம். புறஊதா டார்ச் இருந்தால் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஆனால் பூச்சு என்பது சட்டை மாதிரி, மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசியாகப் பூசிய காலத்தைத்தான் அது சொல்லும்.

வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தால் பழசுதானே?

அப்படி ஒன்றும் இல்லை. வண்டு வயது பார்த்துத் துளைப்பதில்லை. மரச்சாமான் வண்டின் துளை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகல வட்டம். மெல்லிய கம்பியை விட்டால் கொஞ்ச தூரத்தில் முட்டி நிற்க வேண்டும், ஏனெனில் புழு வளைந்து வளைந்துதான் தின்னும். கம்பி நேராக உள்ளே போய்விட்டால் டிரில் போட்டிருக்கிறார்கள்.

பரப்பின் மேல் திறந்த வாய்க்கால் மாதிரி நீளமான தடங்கள் ஓடினால் இன்னும் சுவாரசியம். புழு பரப்பில் வாய்க்கால் வெட்டாது, உள்ளேதான் சுரங்கம் போடும். சுரங்கம் வெளியே தெரிகிறது என்றால், ஏற்கெனவே உளுத்த பழைய மரத்தை அறுத்து இந்தக் கட்டையைச் செய்திருக்கிறார்கள். மரம் பழசு, நாற்காலி அப்படியல்ல.

துளையின் விளிம்பு வெளிறி, கீழே மாவு கொட்டிக்கொண்டிருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. வரலாறு அப்புறம், முதலில் மற்ற சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

கார்பன் சோதனை செய்தால் ஒரே அடியாகத் தெரிந்துவிடாதா?

தெரியாது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிந்தைய பொருள்களுக்குக் கார்பன் கணக்கு தெளிவான விடை தராது. ஒன்றுக்கொன்று தொலைவான பல காலங்கள் வரும். தவிர அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே ஒழிய தச்சர் கை வைத்த காலத்தை அல்ல. ஆண்டு வளையக் கணக்குக்கு அகலமான பலகையில் நிறைய வளையம் வேண்டும். நாற்காலிக் காலில் அவ்வளவு கிடைப்பது அரிது.

எத்தனை வருடம் ஆனால் ஆண்டிக்?

நூறு என்பது பரவலான வழக்கம். அமெரிக்கச் சுங்கத்தில் ஒரு காலத்தில் 1830-க்கு முந்தையது என்று இருந்த விதி, 1966-இல் நூறு வருடம் என்று மாறியது. எண்பது வருட நாற்காலி மோசம் என்று யாரும் சொல்லவில்லை.

கால் மாற்றப்பட்டிருக்கிறது. அப்படியானால் போலியா?

பழுது வேறு, போலி வேறு. உடைந்த காலை மாற்றுவது நாற்காலியை உட்காரத் தக்கதாக வைக்கச் செய்த வேலை. இரண்டு உடைந்த நாற்காலியைச் சேர்த்து ஒன்றாக்குவது, அல்லது கைப்பிடி இல்லாததற்குக் கைப்பிடி பொருத்தி விலை ஏற்றுவது வேறு ரகம். கைப்பிடி உள்ள நாற்காலியின் இருக்கை, அதே தொகுப்பில் கைப்பிடி இல்லாததைவிட வழக்கமாக அகலமாக இருக்கும். அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அகலம் என்றால் கைப்பிடி பின்னால் வந்திருக்கலாம்.

‘கொள்ளுத்தாத்தாவுக்கு ராஜா கொடுத்தது’ என்கிறார்கள். நம்பலாமா?

எழுதி வையுங்கள், நம்புவதை ஒத்திப்போடுங்கள். நாற்காலிக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று அந்த வகையின் வரலாறு. இதுவரை சொன்னதெல்லாம் அதற்கு. மற்றது இந்த ஒரு நாற்காலி யார் யார் கையில் இருந்தது என்பது. அதை மரம் சொல்லாது, மனிதர்களும் காகிதமும்தான் சொல்ல வேண்டும்.

வயதானவர்களிடம் ‘இது எவ்வளவு பழசு’ என்று கேட்டால் ‘ரொம்பப் பழசு’ என்ற பதில்தான் வரும். ‘நீங்கள் சின்ன வயதில் பார்த்தபோது எந்த அறையில் இருந்தது? யார் உட்காருவார்கள்? எப்போது துணி மாற்றினார்கள்?’ என்று கேளுங்கள். இடத்தையும் ஆளையும் கேட்டால் நினைவு வரும். பழைய குடும்பப் படங்களைத் தேடுங்கள். ஸ்டுடியோவுக்குப் போகாமல் வீட்டுவாசலில் எடுத்த படங்களில் பெரியவர்களை உட்காரவைக்க வீட்டு நாற்காலியைத்தான் தூக்கிவந்து போட்டிருப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், ஏலப் பட்டியல், கடை ரசீது ஆகியவற்றில் சாமான்கள் பெயர் வரும். அடியில் சாக்குக்கட்டியால் எழுதிய எண் ஏலத்தில் போட்டதாக இருக்கலாம், ஒட்டிய சீட்டு கப்பலிலோ ரயிலிலோ வந்ததற்கு அடையாளமாக இருக்கலாம்.

அப்புறம் இரண்டையும் பொருத்திப் பாருங்கள். ராஜா 1850-இல் கொடுத்தது என்று கதை. மூட்டில் முதலிலிருந்தே இருப்பது கம்பி ஆணி. அப்படியானால் கதை வேறு ஏதோ நாற்காலிக்கு உரியது, ஆள் மாறி இதில் ஒட்டிக்கொண்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிவிடலாமா?

வேண்டாம். தேய்த்தால் ரம்பத் தடம், எண், முத்திரை, இயல்பான தேய்மானம் எல்லாம் ஒன்றாகப் போய்விடும், திரும்ப வராது. பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் உடம்புக்குக் கேடு. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஆடும் மூட்டுக்கு ஆணி அடிக்காமல், மரச்சாமான் பழுது தெரிந்தவரிடம் வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) போட்டு ஒட்டச் சொல்லுங்கள். வஜ்ஜிரத்தைச் சூடும் ஈரமும் காட்டிப் பின்னால் இளக்கலாம்; எபாக்சியை முடியாது.

நிபுணரிடம் காட்டப்போகிறேன். என்ன கொண்டுபோவது?

படங்கள் போதும், பல சமயம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. முன், பின், பக்கவாட்டு, முழு அடிப்பக்கம். பிறகு அருகில் போய் ஒரு மூட்டு, ஒரு ஸ்க்ரூ, பூச்சில்லாத மரம், முத்திரை இருந்தால் அது சாய்ந்த வெளிச்சத்தில். உயரம், அகலம், ஆழம், தரையிலிருந்து இருக்கை உயரம். இருக்கை உயரம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவாக இருந்தால் அடி உளுத்துக் காலை வெட்டியிருக்கலாம், அதையும் சொல்லுங்கள். குடும்பத்தில் கேட்டதைத் தனித் தாளில் எழுதி, யார் சொன்னது என்று பெயரோடு வையுங்கள். முதலில் நாற்காலியைக் காட்டி அவர் கருத்தைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அந்தத் தாளைக் கொடுங்கள்.